பனைமரமும் நானும் ஒரே சீட்டில்: ரேஸ் கார் சீட்டின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு ‘டக்’ சத்தத்தில் ஆரம்பிக்குது.

நாங்க நாலு பேர், காலேஜ் நண்பர்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கி, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுறதுக்காகவே வெச்சிருக்கோம். நான் அஞ்சடி நாலங்குலம். எங்க கேங்கில் ஒருத்தனை ‘பனைமரம்’னுதான் கூப்பிடுவோம், ஆறடி ரெண்டங்குலம். ரெண்டு பேருக்கும் ஒரே சீட். அதனால பக்கெட் சீட்டை முன்னும் பின்னும் நகர்ற ஸ்லைடர் மேல மாட்டினோம். பிரச்னை தீர்ந்துச்சுன்னு நினைச்சோம்.

பனைமரம் இறங்கி நான் ஏறின மூணாவது லேப். ஒரு வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தறேன். டக்! சீட் அப்படியே பின்னால போயிடுச்சு. தோள் பெல்ட் தொளதொளன்னு ஆயிடுச்சு. அடுத்த வளைவு வருது, பிரேக்கில் கால் விரல் நுனிதான் படுது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டிட்டேன். அப்புறம் பார்த்தா, அந்த ஸ்லைடரில் ஒரு பக்கம் மட்டும்தான் லாக். அதுவும் முழுசா விழல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ‘ஒரு சீட், பல உடம்பு’ங்கிற இந்தப் பிரச்னையை முன்னாடி யார் யார் எப்படிச் சமாளிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல 1950, அமெரிக்க விமானப் படை. ஜெட் விமானங்கள் வந்த புதுசு. விபத்துகள் அதிகம். பழியெல்லாம் பைலட் மேல. காக்பிட்டின் அளவுகள் ‘சராசரி பைலட்’டுக்கு ஏத்த மாதிரி போடப்பட்டவை. ஓஹியோவில் இருந்த ரைட் விமானத் தளத்தில் 4,063 பைலட்களின் உடம்பை அளந்தார்கள். அந்த வேலையில் இருந்த கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் லெப்டினன்ட்டுக்கு ஒரு சந்தேகம்: இதில் எத்தனை பேர் நிஜமாவே சராசரி? உயரம், மார்பு, கை நீளம்னு முக்கியமான 10 அளவுகளை எடுத்தார். அளவுகளின் நடுவில் இருக்கும் 30 சதவீதத்துக்குள் வந்தாலே சராசரின்னு தாராளமாகவே வரையறுத்தார். பத்திலும் தேறியவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

பூஜ்யம். 4,063 பேரில் ஒருத்தர்கூட இல்லை.

நம்ம பாஷையில சொன்னா, இல்லாத ஒரு யூசருக்காக எல்லாத்தையும் ஹார்டுகோட் பண்ணி வெச்சிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் நகர்த்தக்கூடிய சீட், பெடல், ஹெல்மெட் பட்டைன்னு விமானப் படை கேட்க ஆரம்பித்தது.

அடுத்து 1967, பிரான்ஸ், லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். ஒரு காரை ரெண்டு டிரைவர்கள் மாத்தி மாத்தி ஓட்டணும். ஃபோர்டு ஜிடி40-ன் பேரில் இருக்கும் 40, அந்த முதல் காரின் உயரம். 40 அங்குலம், நம்ம இடுப்பு அளவுதான். அந்த வரிசையில் வந்த மார்க் 4 காரை ஏ.ஜே. ஃபாய்ட்டும் டேன் கர்னியும் பகிர்ந்துகொண்டார்கள். ஃபாய்ட் சில நாள் முன்னாடிதான் இண்டியானாபொலிஸ் 500-ஐ ஜெயித்தவர். கர்னி ஆறடிக்கு மேல். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தா தலை கூரையில இடிக்குது.

என்ன பண்ணினாங்க? டிரைவர் தலைக்கு மேலே கூரையில் ஒரு புடைப்பு வெச்சாங்க. அதுக்கு ‘கர்னி பபுள்’னே பேரு வந்துடுச்சு. அந்தக் கார்தான் 388 லேப், 5,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஜெயித்தது. மேடையில் கர்னி ஷாம்பெய்னைக் குலுக்கிப் பீய்ச்சினதும் அன்னைக்குத்தான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தப் புடைப்பால ஃபாய்ட்டுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இடம் தர்ற விஷயத்தில் உயரமானவரை வெச்சு அளந்தா எல்லாரும் உள்ளே அடங்கிடுவாங்க. ஆனா எட்டுற விஷயத்தில் கணக்கு தலைகீழ். பெடலை உயரமானவருக்கு வெச்சா குள்ளமானவருக்கு எட்டாது. ஒரே சீட்டுக்குள்ள ரெண்டு எதிரெதிர் கணக்கு!

இதுக்கு அழகான பதில் ஒண்ணு, அதே ஃபோர்டு ஜிடி பேரில் 2016-ல் வெளிவந்த புதுக் காரில் இருக்கு. சீட் காரின் உடம்போடயே சேர்ந்தது, நகராது. பெடலும் ஸ்டியரிங்கும்தான் டிரைவரைத் தேடி வரும். லீ மான்ஸில் ஓடும் பல கார்களிலும் சீட் ஓடு ஒண்ணுதான். ஒவ்வொரு டிரைவரும் தன் உடம்புக்கு வார்த்த ஃபோம் மெத்தையை எடுத்து வந்து அதுக்குள்ள வைப்பார்.

ஏன் சீட்டை நகர்த்தப் பயப்படறாங்க? விபத்தில் நம்மைப் பிடிச்சு வைக்கிறது சீட்டும் பெல்ட்டும் சேர்ந்துதான். பெல்ட் காரோட உடம்பில் மாட்டியிருக்கு. சீட் நகர்ந்தா பெல்ட்டின் கோணமும் மாறும். தோள் பெல்ட் பின்பக்கம் 45 டிகிரிக்கு மேல் கீழே சரியக் கூடாதுங்கிறது விதி. அதிகம் சரிஞ்சா மோதலில் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். அதோட ஸ்லைடர் சீட்டைக் கொஞ்சம் உயர்த்திடும். பனைமரத்தோட ஹெல்மெட் கூரையில தட்டினதுக்கும் அதுதான் காரணம்.

எங்க பழைய வண்டியில் பெடலை நகர்த்த வழி இல்லை. அதனால ஸ்லைடரை விட முடியல. ஆனா ரெண்டு பக்கமும் லாக் விழுற ஸ்லைடரா மாத்தினோம். பக்கவாட்டு பிராக்கெட்டில் சீட்டை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினோம், அது பனைமரத்துக்காக. முதுகுக்கு ஒரு ஃபோம் மெத்தை எனக்காக. ஸ்லைடர் நகர வேண்டிய தூரம் பாதியாச்சு. ரெண்டு இடத்திலும் பெல்ட் கோணத்தை அளந்து பார்த்துட்டோம்.

கடைசியா ஒரு பழக்கம். ஆள் மாறும்போது, இறங்கினவன் சீட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டு ‘ஓகே’ சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் என்ஜின். போன வாரம் பனைமரம் எனக்கு ‘ஓகே’ சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டான். நானும் அவசரப்படுத்தல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே. இன்னைக்கு வீட்டு வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, சீட்டை ஒரு தடவை ஆட்டிப் பாருங்க.