பால் வற்றும் மாசியில் மேளம்

ஜனவரி கடைசியில் மழை ஓய்ந்து வெயில் ஏறும். மலாக்கா பால்மரக் காடுகளில் முதலில் உச்சி மஞ்சளாகும், பிறகு செம்பு நிறம் படரும், மாசி பிறப்பதற்குள் நிரை நிரையாக மரங்கள் மொட்டையாகி நிற்கும். துரைமார் இதை 'விண்டரிங்' என்றார்கள். ஜாசின் பக்கம் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், 'இலை விழுற மாசம்' என்பார்கள். வெறும் இலைதானே என்று நினைத்துவிடக் கூடாது. புதுத்தளிர் விட மரம் தன் சத்தையெல்லாம் மேலே இழுத்துக்கொள்ளும், பால் வற்றிவிடும். எடைக்குக் கூலி வாங்கியவர்களுக்கு இது பஞ்ச மாதம். அம்மா பால் சுமக்கும் காண்டா வாளி பாதிகூட நிரம்பாது. கணக்கெழுதும் கிராணி தராசைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொள்வார். அந்த மௌனத்துக்கு அவர் திட்டியிருக்கலாம் என்பாள் அம்மா.

ஆனால் அந்த வறண்ட மாதத்தில்தான் எங்கள் தோட்டத்தில் மேளம் கேட்கும்.

அந்த மேளத்தை எனக்கு நினைவூட்டியது ஒரு ஜெர்மன் இசை. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் முதல் சிம்பொனிக்கு 'வசந்தம்' என்று பெயர். மகள் வாங்கிவந்த குறுந்தட்டில் அதைக் கேட்ட பிறகு அதன் கதையைத் தேடிப் படித்தேன். 1841 ஜனவரி 23 முதல் 26 வரை, லைப்ஸிக்கின் உறைகுளிரில், நாலே நாளில் அதை வரைந்துவிட்டார். மார்ச் 31 அன்று இசையமைப்பாளர் மெண்டல்ஸோன் நடத்த அது அரங்கேறியது. அதாவது, வசந்தம் வருவதற்கு முன்பே வசந்தத்தை எழுதிவிட்டார். தொடக்கத்தில் கொம்பும் எக்காளமும் விடுக்கும் அழைப்பை அவர் முதலில் எழுதியது இன்னும் தாழ்ந்த சுருதியில். வால்வு இல்லாத அந்தக் காலத்துக் கொம்பில் இரண்டு சுரங்கள் அடைபட்டு மங்கலாக வந்தன. ஒத்திகையில் அதைக் கேட்டுவிட்டு வரியையே மேலே ஏற்றினார். எனக்கு அந்த சிம்பொனியில் ரொம்பப் பிடித்தது இந்த ஒத்திகைக் கதைதான். கொம்பு சொன்னபடி அவர் வரி மாறியது; எங்கள் தப்பு மேளமும் அப்படித்தான், பருவம் சொன்னபடிதான் பேசும்.

ஷூமன் அந்த சிம்பொனியை எழுதிய வருஷம் மலாக்காவில் பால்மரமே இல்லை. தங்கப்பட்டறைத் தெருவில் பொய்யாத விநாயகர் கோயிலுக்கு அப்போது அறுபது வயது, 1781இல் கட்டியது. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். அதற்குப் பிறகுதான் தோட்டங்கள் பெருகின, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் லயமும் வந்தன. அமேசான் காட்டு மரம் ஒன்று கொண்டுவந்த பருவம், மாசி பங்குனியோடு ஒட்டிக்கொண்டது.

மாரியம்மன் திருவிழா அப்போது எங்களுக்குப் பங்குனியில். மாசி முழுக்க ஒத்திகை நடக்கும். ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்துவிடும், அடித்தால் 'பொத்' என்று விழும். இலை விழுற மாசத்தில் காய்ந்த சருகை நாங்கள் சாக்கில் அள்ளி வருவோம். அதைக் கொளுத்தி, தப்பைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். "ஏய் புள்ள, ரொம்பக் கிட்ட காட்டாத, தோலு கருகிடும்" என்பார் தப்பு அடிக்கிற மாமா. விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். தோல் இறுகி மணிபோல் கேட்டால் போதும் என்று தலையாட்டுவார். இத்தனை செய்த அவரைக் கோயில் வாசலுக்கு உள்ளே யாரும் அழைத்ததில்லை. அது வேறு கட்டுரை, ஆனாலும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

காட்டில் அப்போது வேறு சத்தங்களும் உண்டு. இளந்தளிரில் சாம்பல் நோய் விழாமலிருக்க, காற்று அசையாத விடியற்காலையில் கந்தகப் பொடி தூவும் இயந்திரம் உறுமும், துணியெல்லாம் கந்தக வாடை. சருகில் தீப்பிடித்தால் லயமே ஓடும்.

மாசி மகத்தன்று தோட்ட லாரியில் ஏறி செங்கில் இருக்கும் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போவோம். நகரத்திலிருந்து முருகனின் வெள்ளி ரதம் வரும், நாதஸ்வரமும் தவிலும் முன்னால், உறுமி பின்னால், காவடிகள் நடுவே. கையில் காசு குறைந்த மாதத்தில் காணிக்கைக்கு மட்டும் எப்படிச் சேர்த்தார்கள் என்று நான் அம்மாவிடம் கேட்டதுண்டு. "பால் திரும்பி வரணும்னுதானே போறோம்" என்றாள்.

பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனை மொட்டையாவதில்லை, அதற்கு இலை விழுற மாசமும் இல்லை. லயத்துப் பிள்ளைகள் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் பிழைக்கப் போய்விட்டதால் எங்கள் அம்மன் திருவிழா இப்போது பள்ளி விடுமுறையில் நடக்கிறது. சன்னாசிமலைக்கு மட்டும் அதே மாசி மகம்.

மேளத்துக்கு டவுனிலிருந்து இளைஞர் குழு வருகிறது. தப்பில் பிளாஸ்டிக் தோல், திருகாணியை முறுக்கினால் சுருதி ஏறிவிடும், மழையிலும் அடிக்கலாம். எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவில் இரண்டு பெண் பிள்ளைகளும் அடிக்கிறார்கள், கோயிலுக்குள்ளே நின்று.