ஐந்துறைக் கூட்டு: நகரச் சுயாட்சியின் வர்க்க எல்லைகள்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், கென்ற், சசெக்ஸ் பகுதிகளின் கடலோர நகரங்கள் இணைந்து அமைத்த 'ஐந்துறை'க் கூட்டினை மத்தியகால நகர ஜனநாயகத்தின் முன்மாதிரியாகக் காட்டும் போக்கொன்று உண்டு. ஹேஸ்ரிங்ஸ், நியூ றொம்னி, ஹைத், டோவர், சான்ட்விச் என்பன மூலத்துறைகள். றையும் வின்செல்சியும் பின்னர் சமதகுதியுடன் சேர்ந்தன. தமக்கெனப் பேரவையும் நீதிமன்றமும் சுங்கவரி விலக்கும் இந்நகரங்களுக்கு இருந்தன. முதலாம் எட்வேட் மன்னன் 1278 இல் இவ்வுரிமைகளைப் பொதுப்பட்டயமொன்றால் உறுதிசெய்தான். ஆயின், இவ்வுரிமைகளின் விலை யாது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

அரசனிடம் அக்காலத்தில் நிலையான கடற்படை இருக்கவில்லை. ஆண்டுதோறும் 57 கப்பல்களை, கப்பலொன்றுக்கு 21 ஆட்களும் ஒரு சிறுவனுமாக, 15 நாள்களுக்குத் தம் செலவில் வழங்க இந்நகரங்கள் கடமைப்பட்டிருந்தன. நிலமானிய அமைப்பில் நிலத்துக்குப் படைச்சேவை கைம்மாறானதுபோல, இங்கே சலுகைக்குக் கப்பற்சேவை கைம்மாறாயிற்று. உரிமைபெற்ற நகரத்தார் 'பிரபுக்கள்' எனப் பெயர்பெற்றமையும், டோவர் கோட்டைத் தளபதியே துறைக்காவலராகவும் அமர்ந்தமையும் தற்செயலானவையல்ல.

எனினும் கூட்டிணைவின் பொருளாதார வேரைத் தேடுவோர் அரண்மனையை விட்டு மீன்பிடிக் களத்துக்குச் செல்லல் வேண்டும். இலையுதிர்காலத்தில் ஹெறிங் மீன் பெருகும் யார்மத் கரையில் தம் படகுகளை ஏற்றவும், வலைகளை உலர்த்தவும், மீன்சந்தையைத் தம் அதிகாரிகளைக்கொண்டு நிருவகிக்கவும் ஐந்துறையினர் உரிமை கொண்டாடினர். கரை பிறர் ஊருடையது, அதிகாரம் இவர்களுடையது! யார்மத் வளர்ந்து தானே ஒரு நகரானபோது இவ்வுரிமை அதற்குப் பொறுக்கவியலாத சுமையாயிற்று. 1297 இல், பிளாண்டர்ஸ் படையெடுப்புக்கு மன்னனுடன் சென்ற வேளையிலேயே, ஐந்துறையினர் யார்மத்தின் பல கப்பல்களை எரித்தனர். பொது எதிரியாகிய பிரான்சினும் சந்தைப் போட்டியே அவர்களுக்கு அண்மையதாகத் தோன்றியது போலும்.

கூட்டின் உள்ளமைப்பும் சமத்துவமானதன்று. தலைத்துறைகளின் கீழ் 'உறுப்புகள்' எனப்பட்ட சிறு ஊர்கள் பல இருந்தன. அவை சேவைச் சுமையிற் பங்கேற்றன. அதிகாரம் பெரும்பாலும் தலைத்துறைகளிடமே தங்கியது. சான்ட்விச்சுக்கு உட்பட்ட டீலின் வரலாறு இங்கு நோக்கற்பாலது. மணல்படிந்து சான்ட்விச் துறை தளர்ந்த காலத்தில், அருகிலிருந்த கப்பற்றரிப்பிடத்தால் டீல் செழித்தது. உற்பத்தி ஓரிடத்திலும் ஆட்சி வேறோரிடத்திலுமாக நின்ற இம்முரண்பாடு நெடும்பிணக்காக வளர்ந்து, டீல் 1699 இல் தனிப்பட்டயம் பெற்றதோடு தீர்ந்தது.

இயற்கையும் துறைகளுக்குப் பகையாயிற்று. 1287 ஆம் ஆண்டுப் புயலின் பின் பழைய வின்செல்சி கடலுள் மறைந்தது. றொதர் ஆறு திசைமாறவே நியூ றொம்னி தன் துறையை இழந்தது. ஆனால் தூர்ந்த துறைகள் மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமெனல் பொருந்தாது. அரசு தனக்கென நிலையான கடற்படையை அமைத்துக்கொண்டதும் ஐந்துறையின் பேரம்பேசும் வலு அற்றுப்போயிற்று.

கூட்டின் குடியியல் நீதியதிகாரம் 1855 இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. துறைக்காவலர் பதவியோ விழாப் பதவியாக நீடித்தது. 1941 இல் அது வின்ஸ்ரன் சேர்ச்சிலுக்கு வழங்கப்பட்டது.