வெள்ளறை எந்த அறை?

பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சில் குறிப்பு: "மீனாட்சிபுரம். குன்றில் குகை. பாண்டவர் இருந்த இடம் என்கிறார்கள். எழுத்து உண்டு. வெள்ளறை." எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

நான் பொள்ளாச்சிக்காரன். மீனாட்சிபுரம் என்றால் எனக்குப் பாலக்காட்டுச் சாலையில் வரும் சோதனைச்சாவடிதான். அந்தத் தென்னந்தோப்புகளுக்குள் குகைக்கு எங்கே போவது? பக்கத்து மலை எதையாவது சொல்கிறார் போலும் என்று நினைத்தேன். 'பாண்டவர்' என்ற சொல் என்னை உடுமலை, சின்னாறு வழியாக இடுக்கி மாவட்டத்து மறையூருக்கு இழுத்துக்கொண்டு போனது. பாண்டவர் மறைந்திருந்ததால் மறையூர் என்பது அங்கே வழங்கும் கதை. பாறைமேட்டில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈமச்சின்னங்கள் நிற்கின்றன. ஊரார் அவற்றை முனியறை என்கிறார்கள். முனியறை போல வெள்ளறையும் ஒரு கல்லறைதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டு முறை போனேன். பாறை ஓவியங்களைப் பார்த்தேன். எழுத்து மட்டும் கண்ணில் படவில்லை. எகிப்தின் நாக் ஹம்மாதியில், பழங்கல்லறைகள் குடைந்த பாலைவனப் பாறைச் சரிவின் அடியில் 1945-ல் ஒரு ஜாடிக்குள் பாப்பிரஸ் சுவடிகள் கிடைத்த கதையைப் படித்தவனுக்கு இப்படித்தான் ஆசை வரும். மொத்தம் 13 சுவடிகள். வறண்ட மண் காப்பாற்றிக் கொடுத்தது. நம் மழையிலும் செல்லிலும் ஓலை அத்தனை காலம் தாங்காது. இங்கே மிகப் பழைய எழுத்தைத் தேடினால் கல்லில்தான் தேட வேண்டும்.

நூலகத்துக்குத் திரும்பினேன். 'மீனாட்சிபுரம்' என்று தேடினால் 1981-ல் தென்காசிப் பக்கத்து ஊரில் நடந்த மதமாற்றச் செய்திகளே வந்து விழுந்தன. ஊரை விட்டுவிட்டுச் சொல்லைத் தேடுவோம் என்று ஐராவதம் மகாதேவன் 2003-ல் வெளியிட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டுத் தொகுப்பை எடுத்தேன். 'வெள்ளறை நிகமம்' அகப்பட்டது. நிகமம் என்றால் வணிகர் குழு. வெள்ளறை அவர்களுடைய ஊர். பழந்தமிழில் அறை என்றால் பாறை. திருவெள்ளறைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவன், இதை மறந்து மறையூர் வரை அலைந்திருக்கிறேன்.

கல்வெட்டு இருப்பது மதுரையை அடுத்த மாங்குளத்தில். குன்றின் அடிவாரத்து ஊர், மீனாட்சிபுரம்! பாண்டவர் புதிரும் அவிழ்ந்தது. மதுரை வட்டாரத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கை எதுவானாலும் அது பஞ்சபாண்டவர் படுக்கைதான்.

ராபர்ட் சீவெல் இந்த எழுத்துகளைக் கண்டது 1882-ல். கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவற்றின் மொழி தமிழ் என்று வாதிட்டது 1924-ல். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை மகாதேவன் வாசித்துச் சொன்னது 1960-களில். பார்த்ததற்கும் படித்ததற்கும் நடுவே எண்பது ஆண்டுகள். என் இரண்டு பயணங்களை நினைத்து அதிகம் வெட்கப்பட வேண்டாம் என்று தோன்றியது.

மேலே ஏறிப் பார்த்தேன். குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டி, ஒரு கோட்டில் நிற்காமல் சற்றே ஏறி இறங்கி ஓடும் எழுத்துகள். நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. மகாதேவன் கணக்கில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. இந்தக் குன்றில் இப்படி ஆறு கல்வெட்டுகள்.

பக்கத்து ஊரான அரிட்டாபட்டியையும் இந்த மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கி விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் ரத்தானது.

ஒரு வேண்டுகோள்: குறிப்பெடுப்பவர்கள் ஊர்ப் பெயரோடு வட்டம், மாவட்டத்தையும் எழுதிவையுங்கள்.