இரைவிழுங்கிப் பூச்சி வளர்ப்பு, ஜொகூர்

பயிரை அழிக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வேறு பூச்சிகளைக் கூடங்களில் பெருக்கி, தோட்டங்களில் விடும் உயிரியல் கட்டுப்பாட்டு முறை இரைவிழுங்கிப் பூச்சி வளர்ப்பு எனப்படும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இத்துறை பெரும்பாலும் செம்பனையைத் தாக்கும் பைப்புழுக்களை ஒட்டியே வளர்ந்தது.

பைப்புழு

மலாய் மொழியில் ஊலாட் புங்குஸ் எனப்படும் பைப்புழுக்களில் மெட்டிசா பிளானா, டெரோமா பெண்டுலா, மகாசேனா கார்பெட்டி ஆகிய மூன்றும் செம்பனைக்குக் கேடு விளைவிப்பவை. புழு, பட்டிழையாலும் இலைத் துணுக்குகளாலும் பை பின்னி, ஓலையில் தொங்கியபடி தலையை மட்டும் வெளியே நீட்டித் தின்னும். பெண் அந்துக்கு இறக்கை இல்லை. அது பைக்குள்ளேயே முட்டையிட்டு மடியும். குஞ்சுப் புழுக்கள் இழைவிட்டுக் காற்றில் அடுத்த மரத்துக்குப் போகும். இதனால் தாக்குதல் மெதுவாகப் பரவினாலும், பற்றிய இடத்தில் மட்டைகள் தீய்ந்ததுபோல் காயும். ஓலைப்பரப்பில் 10 முதல் 13 விழுக்காடு அழிந்தாலே விளைச்சல் 33 முதல் 40 விழுக்காடு குறையும் என்று மலேசிய ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

வரலாறு

உயிரியல் கட்டுப்பாட்டுக்காகப் பூச்சிகளைக் கடல் கடந்து அனுப்பிய நாடுகளுள் மலாயாவும் ஒன்று. பிஜித் தீவுகளின் தென்னையை அழித்த லெவுவானா அந்துப்பூச்சியை ஒடுக்க, ஜே. டி. டாட்ஹில் தலைமையிலான குழு 1925இல் மலாயாவிலிருந்து பெஸ்ஸா ரெமோட்டா என்னும் ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுசென்றது. சில ஆண்டுகளில் லெவுவானா அடங்கியது.

1950களின் பிற்பாதியில் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் டி.டி.டி., எண்ட்ரின், டீல்ட்ரின் போன்ற மருந்துகள் தெளிக்கப்பட்டன. பைக்குள் இருந்த புழுக்களில் பல தப்பின. அவற்றின் எதிரிகளாக ஓலையின்மேல் திரிந்த குளவிகளும் நாவாய்ப்பூச்சிகளும் மடிந்தன. தெளிக்கத் தெளிக்கப் பைப்புழு பெருகியது. பூச்சியியலாளர் பிரையன் வுட் இத்தொடர்பை நிறுவினார். தெளிப்பை நிறுத்தியதும் இயற்கை எதிரிகள் மீண்டு வர, புழுக்கள் குறைந்தன. செம்பனைப் பூச்சிகள் பற்றிய அவருடைய நூல் 1968இல் வெளிவந்தது.

பூச்சியை வளர்த்து விடும் பணிக்கு ஜொகூரில் நன்கறியப்பட்ட முன்னோடி, இரைவிழுங்கி அல்லாத, மகரந்தம் பரப்பும் ஒரு கூன்வண்டு. அது வரும்வரை தொழிலாளர்கள் செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவிவந்தனர். ரஹ்மான் சையது கேமரூனில் ஆராய்ந்த எலைடோபியஸ் கேமரூனிக்கஸ் வண்டு, தனிமைக் காப்புச் சோதனைகளுக்குப் பின் 1981 பிப்ரவரியில் குளுவாங் வட்டார மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது. கைமகரந்தச் சேர்க்கை விரைவில் தேவையற்றுப் போனது.

வகைகள்

பைப்புழுவைத் தின்னும் பூச்சிகளுள் முதன்மையானவை ரெடுவிடே குடும்பத்துக் கொல்லி நாவாய்ப்பூச்சிகளான சைக்கானஸ் டைக்கோட்டோமஸ், காஸ்மோலெஸ்டஸ் பிக்டிசெப்ஸ் ஆகியன. கிளெரிடே குடும்பத்தின் காலிமெரஸ் ஆர்க்குஃபர் வண்டும் குறிப்பிடத்தக்கது. இவற்றுள் வளர்ப்புக்கு உகந்தது சைக்கானஸ். நீண்ட கழுத்தும் நெடிய கால்களும் உள்ள இக்கருநிறப் பூச்சி, ஊசி போன்ற அலகைப் பையினூடே புழுவின் உடலில் செலுத்தும். அதன் உமிழ்நீர் இரையை முடக்கி உள்ளுறுப்புகளைக் கரைக்கும். கரைந்ததைப் பூச்சி உறிஞ்சிக் குடிக்கும்.

வளர்ப்பு முறை

பைப்புழுவையே தீனியாகப் பெருக்குவது கடினம். ஆகவே தானியத்தில் எளிதாக வளரும் கோர்சைரா செபலோனிகா என்னும் அரிசி அந்தின் புழுவும் மாவுப்புழுவும் இரையாகத் தரப்படுகின்றன. பெண் சைக்கானஸ் தன் முட்டைகளைக் குப்பிகள்போல் நிமிர்த்தி, பசையால் ஒட்டிக் கொத்தாக இடும். குஞ்சுகள் ஐந்து இளநிலைகளைக் கடந்து முதிரும். பசித்தால் ஒன்றையொன்று தின்பதே வளர்ப்பின் பெருந்தொல்லை. போதிய இரையும் இடமும், ஒளிந்துகொள்ள மடித்த தாளோ இலையோ கொடுத்து அதைக் குறைக்கலாம். தீனிக்கேற்ப வளர்ச்சிக் காலமும் முட்டை எண்ணிக்கையும் மாறுவதால், எந்த இரை சிறந்தது என்பதே ஆய்வுகளின் நடுப்பொருள்.

தமிழ்நாட்டில் இதே குடும்பப் பூச்சிகள் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் விரிவாக ஆராயப்பட்டன. அங்குப் பணியாற்றிய டன்ஸ்டன் அம்புரோஸ் எழுதிய கொல்லி நாவாய்ப்பூச்சிகள் பற்றிய ஆங்கில நூல் 1999இல் வெளிவந்தது. ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்னும் இனம் அங்குக் கோர்சைராப் புழுக்களைக் கொண்டு வளர்க்கப்பட்டது.

தோட்டத்தில் பயன்

விடப்பட்ட பூச்சிகள் தங்குவதற்கு உணவும் நிழலும் வேண்டும். இதற்காகத் தோட்டச் சாலையோரங்களில் டர்னேரா சுபுலாட்டா, காசியா கோபனென்சிஸ், கொடிரோஜா ஆகியவை நடப்படுகின்றன. இவற்றின் தேன், இரைவிழுங்கிகளோடு பைப்புழுவின் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் உணவாகிறது. பூச்சிகளை விடுவதைக் காட்டிலும், இருப்பவற்றை மருந்தால் கொல்லாமல் காப்பதே நிலைத்த பயன் தருவது.

இன்றைய நிலை

பைப்புழு 2013இல் பயிர்த் தனிமைக் காப்புச் சட்டத்தின்கீழ் ஆபத்தான பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர்த் தெளிப்பையும் இனக்கவர்ச்சிப் பொறிகளையும் பயிருக்கு உதவும் செடிகளையும் பரிந்துரைக்கிறது.