பிளவுபட்ட அண்ணமும் பிழைபட்ட கணிப்பும்



பல ஆண்டுகளுக்கு முன் என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மேலுதட்டில் மெல்லிய தழும்பு; மூக்கொலிப் பேச்சு. அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டான். ‘பிடிவாதக்காரன்’ என்று முடிவு கட்டினேன். அவனுக்குச் செவி சரிவரக் கேட்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த உறுத்தலே இக்குறையின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

கருவுற்ற 4 முதல் 7 வாரங்களில் உதடும், 6 முதல் 9 வாரங்களில் அண்ணமும் உருவாகின்றன. இருபுறமும் ஒன்றிணையாவிடில் பிளவு தோன்றுகிறது. நம்மவர் கிரகணத்தின்மீது பழிசுமத்தினர்; தாயைக் குறை கூறுவோர் இன்றும் உளர். இரண்டுமே தவறு.

உதட்டைத் தைக்கும் கலை பழைமையானது. நான்காம் நூற்றாண்டில் வெய் யுங்-சி எனும் சீன இளைஞருக்கு அச்சிகிச்சை நடந்தது. நூறு நாள் கஞ்சி மட்டுமே உணவு; பேசவும் சிரிக்கவும் தடை. பொறுத்துக்கொண்ட அவர் பின்னாளில் ஆளுநராக உயர்ந்தார்.

அண்ணமோ நெடுங்காலம் மருத்துவர் கைக்கு எட்டவில்லை. 1819-இல் பாரிஸ் நகரில் பிலிபேர் ரூ என்னும் அறுவை மருத்துவர், ஜான் ஸ்டீவன்சன் எனும் கனடிய மருத்துவ மாணவரின் அண்ணப் பிளவைத் தைத்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது! மறு ஆண்டே ஸ்டீவன்சன் எடின்பரோவில் அச்சிகிச்சையையே தம் பட்ட ஆய்வாக்கினார். பின்னர், மெக்கில் பல்கலைக்கழக மருத்துவப் புலமாக மலர்ந்த மொன்ட்ரியால் மருத்துவக் கல்விக்கூடத்தை நிறுவியோருள் ஒருவராகி, ஆங்கே விரிவுரையும் ஆற்றினார்.

தைத்தல் மட்டும் போதுமா? போதாது. அண்ணத் தசைகள் செவியின் நடுப்பகுதிக்குக் காற்று செல்லும் குழாயைத் திறப்பவை. அவை சரிவர இயங்காவிடில் அங்கே நீர் தேங்கும், கேள்தெளிவு குன்றும். கேளாத ஒலியைக் குழந்தை எங்ஙனம் பேசும்? பேச்சு பிந்தும், கேலிக்கு அஞ்சி ஒதுங்கும். ஒதுங்குதலை மந்தம் என்றும், கேளாமையை முரட்டுத்தனம் என்றும் நாம் பெயரிட்டு விடுகிறோம். உண்மையில், பிற குறைகளின்றிப் பிளவு மட்டும் உடைய பிள்ளைகளுள் பெரும்பாலோர் இயல்பான அறிவுத்திறன் பெற்றவர்களே.

இதனை உணர்ந்தே 1938-இல் அமெரிக்காவின் லங்காஸ்டரில் ஹெர்பர்ட் கூப்பர் என்னும் பல் மருத்துவர், பல துறையினர் ஒருங்கே கவனிக்கும் சிகிச்சையகத்தைத் தொடங்கினார். பல், செவி, பேச்சு, மனம் அனைத்தையும் ஒருசேர நோக்கும் அவ்வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது.

அக்குழுவில் ஆசிரியருக்கும் இடமுண்டு என்பேன். அத்தகைய பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துவோம், முகம்பார்த்துப் பேசுவோம், விடைகூற நேரம் தருவோம், செவிப் பரிசோதனைக்குப் பெற்றோரிடம் எடுத்துரைப்போம். என் மாணவனுக்கு நான் காலந்தாழ்த்திச் செய்ததை நீங்கள் முதல் நாளே செய்யுங்கள்.