ஆஃப்செட் கோடு (வெட்டு இயந்திரம்)

ஆஃப்செட் கோடு என்பது ஓர் உருவத்தின் விளிம்பிலிருந்து எங்கும் ஒரே தூரம் விலகி ஓடும்படி வெட்டு இயந்திர மென்பொருள் வரைந்து தரும் இரண்டாம் விளிம்பு. சிவகாசியின் ஆஃப்செட் அச்சுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. கோரல்டிராவில் வேலை செய்யும் ஸ்டிக்கர் கடைக்காரர்களுக்கு இது ‘கான்டூர்’. இங்க்ஸ்கேப்பில் வெளியே விரிவது ‘அவுட்செட்’, உள்ளே சுருங்குவது ‘இன்செட்’. சில்லவெட் ஸ்டுடியோவில் முன்பே இருந்த இவ்வசதி, கிரிகட் டிசைன் ஸ்பேசுக்கு 2021-இல்தான் வந்தது.

உருவைப் பெரிதாக்குவது வேறு, ஆஃப்செட் வேறு. 50 மி.மீ. வட்டத்துக்கு 3 மி.மீ. ஆஃப்செட் கொடுத்தால் 56 மி.மீ. வட்டம் கிடைக்கும்; இங்கே வேறுபாடு தெரியாது. நீள்வட்டத்தில் தெரிந்துவிடும்: அதன் ஆஃப்செட் நீள்வட்டமாகவே இருக்காது.

தமிழ் எழுத்துக்கு இதன் அருமை தனி. ஓர் ஊர்ப்பெயரைப் பார்ப்போம்: மணப்பாட்டுக்குத் தென்மேற்கே உள்ள கடலோர ஊர் பெரியதாழை. அப்பெயரில் எழுத்து ஐந்துதான். வினைலில் வெட்டினால், பெரும்பாலான எழுத்துருக்களில் எட்டுத் துண்டாக வரும். ஒற்றைக்கொம்பு, துணைக்கால், ழகரத்துக்கு முன்னுள்ள சங்கிலிக்கொம்பு மூன்றும் தனித்தனியே பிரிந்து நிற்பதே காரணம். அவ்வூர் அடங்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரையின் படகுகளில் புனிதர் பெயர்கள் சகஜம். ‘அந்தோணியார்’ என்று வெட்டினால் நகரத்தின் மேலும் ரகரத்தின் மேலும் உள்ள புள்ளிகள் கொசுறுத் துண்டுகள். கழிவை உரிக்கும்போது அவையும் கூடவே போய்விடும். துண்டுகளுக்கு இடையே 3 மி.மீ. இருந்தால், 1.5 மி.மீ.க்குச் சற்றே கூடுதலான ஆஃப்செட் போதும். இரு பக்கமும் விரிந்து தொட்டு, பெயர் முழுவதும் ஒரே பின்னணித் தகடாகிவிடும். அதை ஒரு நிறத்திலும் எழுத்தை வேறு நிறத்திலும் வெட்டி, எழுத்தை மேலே ஒட்டுவார்கள்.

அகரம், ணகரம் முதலியவற்றின் சுழிகளுக்குள்ளும் கோடு விழுந்து சில்லறை ஓட்டைகள் உண்டாகலாம். வேண்டாதவற்றை நீக்கிவிட வேண்டும். கூர்முனைகளுக்கு வட்ட மூலையே நல்லது. சதுர மூலை முதலில் பெயர்ந்து வரும்.

அச்சிட்டு வெட்டும் ஸ்டிக்கர்களில் ஆஃப்செட் வெள்ளைக் கரையாகிறது. கத்தி அரை மி.மீ. விலகினாலும் படம் வெட்டுப்படாது.

அளவை முடிவு செய்த பிறகே ஆஃப்செட் போட வேண்டும். 2 மி.மீ. கரையோடு சேர்த்து உருவை இரு மடங்காக்கினால் கரையும் 4 மி.மீ. ஆகிவிடும். இங்க்ஸ்கேப்பின் ‘டைனமிக் ஆஃப்செட்’டில் தூரத்தைப் பிறகும் பிடித்து இழுத்து மாற்றலாம்.