ஜூதி மலையில் ஒதுங்கிய கப்பல்

நூஹ் நபியின் வெள்ளத்தைக் குர்ஆனில் ஒரே மூச்சில் படித்துவிட முடியாது. ஹூது அத்தியாயத்தில் விரிவாக வருகிறது. 71ஆம் அத்தியாயத்தில் அவருடைய முறையீடாக, கமர் அத்தியாயத்தில் சில வரிகளாக. பைபிளின் ஆதியாகமம் கப்பலுக்கு 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்று தச்சனுக்குச் சொல்வதுபோலக் கணக்குக் கொடுக்கிறது. குர்ஆனில் அளவே கிடையாது. கேட்டவர்களுக்குக் கதை முன்பே தெரியும். அந்தத் தெம்பில்தான் அது பேசுகிறது என்பது என் எண்ணம்.

அவர்களுக்குத் தெரிந்த கதை எது? ஆதியாகமம் மட்டும்தான் என்றால் இடிக்கிறது. குர்ஆனில் நூஹின் மகன் ஒருவன் கப்பலேற மறுத்து, மலையேறித் தப்பிக்கொள்வேன் என்கிறான், அலை கொண்டுபோகிறது. ஆதியாகமத்திலோ மூன்று மகன்களும் பிழைக்கிறார்கள். நான் ஓதிய மதரஸாவில் ஹஜ்ரத் அந்த மகனைக் கன்ஆன் என்பார். குர்ஆன் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. விரிவுரையாளர்கள்தான் வைத்தார்கள்: சிலர் கன்ஆன், சிலர் யாம். ஆதியாகமத்தில் நோவாவின் (நூஹின்) சாபத்துக்கு ஆளாகும் பேரன் கானானே இங்கே மகனாகிவிட்டான் போலும்.

நூஹின் மக்கள் விட மறுத்ததாகக் குர்ஆன் சொல்லும் தெய்வங்களையும் பாருங்கள்: வத், சுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர். எல்லாம் அரபு நாட்டுச் சாமிகள். வத்தின் பெயர் யெமனின் பழைய மயீன் அரசின் கல்வெட்டுகளில் இருக்கிறது. மெசபடோமியாவில் பிறந்த வெள்ளக் கதை இங்கே மக்காவாசிகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறது.

எனக்கு மிகவும் சுவையானது மலைதான். கப்பல் ஜூதியில் தங்கியது என்கிறது குர்ஆன். அந்தப் பெயரில் அரேபியாவிலேயே ஒரு மலை இருந்தது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் முஸ்லிம் மரபில் நிலைத்தது இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், ஜிஸ்ரே ஊருக்கு அருகில், சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள மலை. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே பாபிலோனியப் பூசாரி பெரோசஸ் கப்பலை இந்த மலை அடங்கிய கோர்டியன் மலைப்பகுதியில்தான் இறக்கினார். மக்கள் கப்பலின் கீலைச் சுரண்டித் தாயத்தாகக் கட்டிக்கொள்வதாகவும் எழுதினார். சிரியாக் மொழி பைபிளும் கப்பலை அங்கேதான் நிறுத்துகிறது. மலைமேல் இருந்த கிறிஸ்தவ மடம் 766இல் இடி விழுந்து எரிந்தது. 1909இல் ஏறிய ஆங்கிலேயப் பயணி கெர்ட்ரூட் பெல், அங்கே கிடந்த கற்சுவர்களை ஊரார் 'நூஹ் நபியின் கப்பல்' என்று காட்டியதை எழுதியிருக்கிறார்.

5,137 மீட்டர் அராரத் சிகரம் பெயர் வாங்கியது பின்னால். ஆதியாகமம் சொல்வது அராரத் நாட்டின் மலைகளை. ஒரு சிகரத்தை அல்ல. இன்றும் அந்தப் பனியில் கப்பல் தேடுகிறார்களே, அவர்களைவிடக் குர்ஆன் பழைய மரபுக்கு நெருக்கமாக நிற்கிறது.

பழைய மரபு என்பதால் நடந்த கதை ஆகிவிடாது. 1929இல் தொல்லியலாளர் லெனார்ட் வுல்லி, மெசபடோமியாவின் 'ஊர்' நகரில் தடித்த வண்டல் படிவைத் தோண்டியெடுத்து, இதுதான் அந்த வெள்ளம் என்றார். கில்காமேஷ் காவியத்து வெள்ள நாயகனின் ஊரான ஷுருப்பக்கிலும் வண்டல் கிடைத்தது. ஆனால் இரண்டு வண்டலுக்கும் இடையே பல நூற்றாண்டுகள்; ஒரே வெள்ளமாக இருக்க முடியாது.